சூடு தெரியாத வேன்

நாரம்மல,
சனிக்கிழமை பின்னேரம்.

கொரியா தேசத்தில் தொழில் செய்யும் அன்புள்ள தம்பி உபதிஸ்ஸவுக்கு, கடல் எவ்வளவு அகலமானாலும் மும்மணிகளின் காவல் அதைத் தாண்டி வந்து உங்கள் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று கும்பிட்டு அண்ணி யசவதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், உங்கள் அண்ணன் இல்லை, மற்றபடி நலம். தேங்காய் நன்றாக விழுகிறது. அங்கே குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ஓம் ஓம் என்பேன், அதற்குள் உங்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். பக்கத்து வீட்டுச் சமன் லீவு முடிந்து திங்கட்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை சிலாபத்திலிருந்து மீன் வியாபாரி மார்சலின் வருவார், வேனை அவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலையை விட்டுவிட்டு உங்கள் நந்தாவதி அக்கா வீட்டுப் பின்னறையில் போய் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சரி, கொடுத்துவிடுகிறேன். மறுத்துப் பேச நான் யார்? ஆனால் செத்தவர் பெயரில் இருக்கிற வண்டி. வாங்குகிற மனிதரை நாங்கள் ஏமாற்றிவிட்டோம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அதனால் இந்த மூன்று மாதத்தில் அந்த வேனுக்கு நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பிறகு உங்கள் பாடு, மார்சலின் பாடு.

அண்ணனுடைய ஏழாம் நாள் தானம் முடிந்த கையோடு பிள்ளைகளின் தாய்மார் வேலியடியில் வந்து நின்றார்கள். "மாமி, உங்கட துக்கம் எங்களுக்கு விளங்குது, ஆனா பிள்ளைகளுக்குச் சோதனை வருது" என்றார்கள். ஒரு கண்ணில் அழுகை, மற்றக் கண் வேனில். லைசன்ஸ் என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும், அண்ணன் கால் முறிந்து கிடந்த வருடம் எடுத்தது. "அண்ணி ஸ்டியரிங் பிடிச்சா நான் தென்னையில ஏறி நிண்டுகொள்ளுறன்" என்று சொல்லி நீங்கள்தான் சிரித்தீர்கள். இத்தனை வருடமும் நான் அந்த வேனின் கதவைத்தான் திறந்து மூடினேன். எந்தப் பிள்ளை எந்த வளைவில் வயிறு குமட்டிச் சத்தி எடுக்கும், எந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியை ஜன்னலால் கொட்டும் என்று அந்த வேனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் வியர்வை துடைக்கிற துவாய் சீட்டின் முதுகில் கிடந்தது. அதை எடுக்கவில்லை, அதில் சாய்ந்துகொண்டே ஓட்டினேன்.

வீட்டிலிருந்து நல்ல பிள்ளையாகப் போனது. தபாற்கந்தோரைத் தாண்டியது, நெல் ஆலையைத் தாண்டியது, மயான வாசலுக்கு வந்ததும் இரண்டு தரம் இருமி, பின்பக்கத்தால் கறுப்புப் புகையைக் கக்கி, அப்படியே நின்றுவிட்டது. எந்த மயானம்? அண்ணனை எரித்த அதே மயானம். பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை, "மாமி, மாமாவையும் ஏத்தப் போறமா?" என்று கேட்டது. கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிப் போனது. அடுத்த நாளும் அங்கேதான் நின்றது, அதற்கு அடுத்த நாளும் அங்கேதான். பெட்ரோல் குடித்த குடிக்கு, உங்கள் அண்ணன் கூட உயிரோடு இருந்தபோது அப்படிக் குடித்ததில்லை. ஊர் சும்மா இருக்குமா? நந்தாவதி அக்காவின் வளவு மயானத்துக்கு அடுத்த வளவு என்பதால் அவருக்குத்தான் முதல் வரிசை. "அவனுக்கு வேனில ஆசை, யசவதி. ஆசையோட போனவன் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பான். மூண்டாம் மாசத் தானத்தை வடிவாக் குடு, பிடியை விடுவான்" என்றார்.

தானத்துக்கு முதல் சார்லிஸ் பாஸிடம் ஒருக்காக் காட்டுவோம் என்று அவருடைய கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் முன்சீட்டைத் தூக்கி, அதன் கீழே இருக்கிற இஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிரேதம் பார்க்க வந்தவர் போலத் தலையை ஆட்டினார். "தங்கச்சி, இதுக்குள்ள காபரேட்டர் இல்ல. அதுதான் இதின்ர வருத்தம்" என்றார். "முந்தியும் இல்லத்தானே பாஸ், அப்ப ஓடினதே?" என்றேன். "இது ஊசியால பெட்ரோல் பீச்சுற சாதி. எவ்வளவு பீச்சுறது எண்டு ஒரு பெட்டி முடிவெடுக்கும். அந்தப் பெட்டிக்கு எல்லா இடத்திலயும் உளவாளி, சென்சர் எண்டு சொல்லுவினம். காத்துக்கு ஒருத்தன், சூட்டுக்கு ஒருத்தன், புகையை மணந்து பாக்கக் குழாய்க்குள்ள ஒருத்தன். இவ்வளவு பேர் கோள் சொன்னா எந்தக் குடும்பம் உருப்படும்? எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டு ஒரு காபரேட்டரைப் போடுவம். காபரேட்டருக்கு வாய் இல்ல" என்றார். நம் குடும்பத்தை நினைத்துப் பார்த்தபோது, வாய் இல்லாத ஒன்றை உள்ளே வைக்கும் யோசனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அப்போதுதான் ஒரு ஞாபகம் வந்து, "இதில ஏதும் பிழை எண்டா மஞ்சள் லைட் ஒண்டு எரியவேணுமே பாஸ்?" என்று கேட்டேன். "அதோ? அது போன வருசமே எரிஞ்சது. உங்கட மனிசன் வந்து, 'பாஸ், இது எந்த நேரமும் முகத்தைப் பாத்து எரியுது, கரைச்சலா இருக்கு' எண்டார். நான் பல்பைக் கழட்டிவிட்டன். அவருக்குச் சரியான சந்தோசம், 'இப்ப எல்லாம் சுகம்' எண்டு சொல்லி இளநி வெட்டித் தந்தவர்" என்றார். உங்கள் அண்ணனுக்கு நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு வந்தபோதும் இப்படித்தான் தம்பி. வாய்வு என்று சொல்லி இஞ்சிச் சோடா குடித்தார். ஏப்பம் வந்தது. இப்ப எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது. வேன் கதைக்கு வருகிறேன்.

சார்லிஸ் பாஸ் காபரேட்டர் தேடிக் குருணாகலுக்குப் போனார், போனவர் தானம் முடியும் வரை வரவில்லை. ஆகவே தானத்தன்று தேரர்களை அழைத்துவர நானே அந்த வேனை எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்காது என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன், அப்படியே உறுமவிட்டபடி மயானத்தைக் கடந்தேன், நாய்கள் எல்லாம் பயந்து ஓடின. விகாரையில் வேறு ஒரு சிக்கல். பெரிய தேரரை முன்சீட்டில் வைக்காவிட்டால் அவமரியாதை. பெண்பிள்ளை ஓட்டும்போது அவர் பக்கத்தில் இருக்கவும் முடியாது. நானோ இறங்க முடியாது, இறங்கினால் இஞ்சின் நின்றுவிடும். கடைசியில் தேரருடைய விசிறியை முன்சீட்டில் வைத்துவிட்டு, ஐந்து தேரர்களும் பின்னால், பிள்ளைகளுக்காகக் கட்டையாக அடித்த சீட்டுகளில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தார்கள். நான் விசிறியைக் கும்பிட்டுவிட்டு கியர் போட்டேன்.

மயான வாசலில் ஒரு மாடு குறுக்கே வந்தது. காலை எடுத்தேன். அவ்வளவுதான்.

தம்பி, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பன்னிரண்டு அடித்தால் தேரர்கள் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். அவர்கள் சாப்பிடாவிட்டால் புண்ணியம் இல்லை. புண்ணியம் இல்லாவிட்டால் அண்ணனுக்கு நான் அனுப்ப ஒன்றும் இல்லை. வீட்டில் ஊரே சமைத்து வைத்திருக்கிறது, நான் மயான வாசலில் சாவியைத் திருகிக்கொண்டு இருக்கிறேன். சின்னத் தேரர்கள் இறங்கிக் காவிச் சீவரத்தை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளத் தொடங்கினார்கள். வீதியால் போன பஸ்ஸிலிருந்து, "ஐயோ பாவமே, ஹாமுதுருமாரைக் கொண்டு வண்டி தள்ளுறா!" என்று ஒரு கிழவர் கத்தினார். பெரிய தேரர் ஜன்னலால் தலையை நீட்டி, "நீரும் இறங்கித் தள்ளுமன் உபாசகர், உமக்கும் புண்ணியம், எங்களுக்கும் சோறு" என்றார். பஸ் நிற்கவில்லை.

சத்தம் கேட்டு நந்தாவதி அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். கையில் இரவு பிரித் ஓதிய தண்ணீர் ஒரு போத்தல். நான் தடுப்பதற்குள் முன்சீட்டைத் தூக்கிவிட்டார். "தம்பி, போதும் ராசா. உனக்குத் தானம் சாப்பிட ஆக்கள் வந்திட்டினம், வழியை விடு" என்று சொல்லிச் சொல்லி இஞ்சின் மேல் முழுப் போத்தலையும் ஊற்றினார். பிரித் தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன், அது மனிதருக்கு நல்லது. ஆனால் அந்தச் சென்சர்கள் எல்லாவற்றுக்கும் வயர் சொருகிய பிளக்குத்தான் வாய். எல்லா உளவாளிக்கும் ஒரே நேரத்தில் வாயில் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு வேன் இருமக்கூட இல்லை. கடைசியில் வயலிலிருந்து வந்த ஒரு லேண்ட்மாஸ்டரை மறித்து, அதன் பெட்டியில் பாய் விரித்து, ஐந்து தேரர்களும் அந்தக் கை உழவு இயந்திரத்தில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தார்கள். நேரம் தப்பவில்லை. ஆனால் ஆறுதலாக மெல்ல நேரமும் இருக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பெரிய தேரர், "இந்த உடம்பும் அந்த வேன் மாதிரித்தான். எங்க நிக்கும் எண்டு ஓட்டுறவருக்கே தெரியாது" என்று உபதேசம் சொன்னார். சனம் எல்லாம் விம்மி விம்மி அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. லேண்ட்மாஸ்டர்காரருக்கு யாராவது சோறு போட்டார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை உங்கள் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்களைக் கொண்டு தள்ளி வேனை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தேன், அடுத்த கிழமை அதைப் பார்க்கத் தனஞ்சய ஐயா வந்தார். நம் வேனில் வருகிற ஒரு பிள்ளையின் தகப்பன், வங்கியில் வேலை. இதே சாதிப் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார், லீவு நாள் என்றால் அதன் கீழே படுத்திருப்பார். "என்னைப் பாத்ததை விட அதின்ர வயித்தைப் பாத்ததுதான் கூட" என்று மனைவியே சொல்வார். அவர் கம்ப்யூட்டர் போல ஒரு சாமானைப் பெருமையாகக் கொண்டுவந்து, அதைச் சொருக இடம் தேடினார். டாஷ்போட்டுக்குக் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா, இது பழசு. இதுக்கு இந்த மிசினோட கதைக்கத் தெரியாது. கண்ணடிச்சுத்தான் சொல்லும்" என்றார். சார்லிஸ் பாஸ் கழற்றிய இடத்தில் ஒரு புதுப் பல்பைப் போட்டார், என் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கேட்டு வாங்கி, நிமிர்த்தி, இஞ்சின் பக்கத்துச் சின்னப் பெட்டியில் இரண்டு ஓட்டைக்குள் சொருகினார், சாவியைப் போட்டார். மஞ்சள் லைட் இரண்டு தரம் சிமிட்டியது. நின்றது. திரும்ப இரண்டு தரம் சிமிட்டியது.

அயலட்டைச் சனம் எல்லாம் சுற்றி நின்றது. நந்தாவதி அக்கா முன்னால் வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "தம்பி, நீயாடா?" என்றார். லைட் இரண்டு தரம் சிமிட்டியது. "ஐயோ என்ர ராசா! தானம் கிடைச்சுதா?" இரண்டு தரம். "காணுமா, போதுமா?" இரண்டு தரம். "யசவதியில கோவமா?" அதற்கும் இரண்டு தரம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி, கேட்டதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் ஓம் ஓம் என்று சொன்னது அந்த லைட். உங்கள் அண்ணனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான். அது அவர் இல்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

தனஞ்சய ஐயாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "ரெண்டும் ரெண்டும் எண்டா சூட்டுச் சென்சர், அக்கா. மற்றதுகள் தண்ணி காய்ஞ்சு தப்பிட்டுது, இது போன வருசமே சாகத் தொடங்கி, இப்ப முழுசாச் செத்திட்டுது. இஞ்சின் கொதிச்சாலும் பெட்டிக்குக் 'குளிருது, குளிருது' எண்டுதான் சொல்லுது. பெட்டி அதை நம்பி, ஐயோ பாவம் எண்டு பெட்ரோலை அள்ளி ஊத்துது. இஞ்சின் மூச்சு முட்டி நிக்குது. ஆறினதும் திரும்ப ஓடுது." "அப்ப மயானம்?" என்றேன். "உங்கட வீட்டில இருந்து மயான வாசலுக்குப் போறதுக்குள்ளதான் இஞ்சின் நல்லாச் சூடாகுது. மற்றப் பக்கம் திருப்பியிருந்தா கள்ளுத் தவறணைக்கு முன்னால நிண்டிருக்கும்." நந்தாவதி அக்கா விடவில்லை. "தவறணைக்கு முன்னால நிண்டிருந்தா அது தம்பிதான் எண்டு நான் சத்தியமே பண்ணியிருப்பன்" என்றார்.

எனக்கு அந்தப் பெட்டி மேல் கோபம் வரவில்லை தம்பி. அது எங்கேயோ ஒரு மூலையில் தனியாக இருக்கிறது. இஞ்சினைத் தொட்டுப் பார்க்க அதற்குக் கை இல்லை. வயர் வழியே வருகிற சொல்லை நம்புகிறது. ஊற்றுவதும் அக்கறையில்தான் ஊற்றுகிறது. நான் உங்களைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொல்கிறேன். "யசவதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல, கல்லு மாதிரி இருக்கிறாள், வேனோட கதைக்கிறாள்" என்று அக்கா உங்களுக்குப் போனில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் உங்களிடமிருந்து சத்துமாத்திரை வந்தது, கம்பளிச் சட்டை வந்தது, இப்போது மீன் வியாபாரியும் வருகிறார். நாரம்மல வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்தேன். எனக்கும் மூச்சு முட்டியது.

பழைய வேன் உடைத்து விற்கிற கடையில் தேடி, தனஞ்சய ஐயா ஒரு சென்சர் கொண்டுவந்து போட்டார். விரல் நுனி அளவு பித்தளைத் துண்டு, அவ்வளவுதான். மறுநாள் காலை நான் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். தபாற்கந்தோர், நெல் ஆலை, மயான வாசல். வாசலுக்குக் கிட்ட வந்ததும் என்னையறியாமல் காலை எடுத்தேன். நிற்கவில்லை. புகை இல்லை, இருமல் இல்லை, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தம்பி, இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். பிள்ளைகள் பின்னால் சண்டை பிடிக்கும், நான் சும்மா மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நின்றதில்லை, வேன் நின்றது, நானும் நின்றேன். இனி அங்கே நிற்க அந்தச் சாட்டு இல்லை. வேனைத் திருப்பிக் கொண்டுவந்து மயான வாசலில் விட்டு, நானே சாவியைத் திருகி நிற்பாட்டினேன். நிற்பாட்டிவிட்டு, அந்தத் துவாயில் முகத்தை வைத்து, தொண்டை கிழிய அழுதேன். அக்கா அந்த நேரம் பார்த்துச் சந்தைக்குப் போயிருந்தார். அதனால் அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருக்காது.

இவ்வளவுதான் விஷயம். இப்போது வேனுக்கு ஒரு குறையும் இல்லை, வேனிடம் எனக்கும் ஒரு பேச்சும் இல்லை. நீங்கள் சொன்னபடி நாளைக்கு மார்சலினிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளின் தாய்மாரிடம் வேறு வேன் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுப் பின்னறை ஜன்னலைத் திறந்தால் மயானம் தெரியும் என்பதால் பொழுதும் போகும். உங்களுக்கு நோய் நொடி இல்லாமல், மேலதிகாரிகள் முகம் கோணாமல், பனியில் சறுக்காமல் இருக்கப் போதிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு அண்ணி,
யசவதி.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதுவது. மார்சலின் வந்தார், நல்ல மனிதர். வேனை மயானம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். பிள்ளைகளின் சீட்டுகளைக் கழற்றினால் எத்தனை மீன் பெட்டி அடுக்கலாம் என்று முழம் போட்டுப் பார்த்தார். நான் தேநீரும் கித்துள் கருப்பட்டியும் வைத்து, "ஐயா, எனக்கு எழுத்து அவ்வளவு வராது. வேனைப் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறன், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்று இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். தேரர்கள் தள்ளுகிற இடத்தில் கருப்பட்டி கடிப்பதை நிறுத்தினார். லைட் சிமிட்டுகிற இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். "அக்கா, அவர் இப்ப இறங்கிட்டாரோ?" என்று மெல்லக் கேட்டார். "ஆர்?" என்றேன். "உங்கட மனிசன்." "அது எனக்கு எப்பிடித் தெரியும் ஐயா? லைட்டுக்குப் பல்பு போட்டிருக்கு, நீங்களே கேட்டுப் பாருங்கோ" என்றேன். அந்த நேரம் பார்த்து நந்தாவதி அக்கா, புதுச் சொந்தக்காரருக்கு நல்லது நடக்கட்டும் என்று, பிரித் தண்ணீர்ப் போத்தலோடு வாசலால் வந்தார். "மீன் பழுதாகிப்போடும் அக்கா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு மார்சலின் போய்விட்டார். தேநீர் பாதி அப்படியே இருக்கிறது.

வேறு யாரையாவது அனுப்புவதென்றால் தாராளமாக அனுப்புங்கள், அவருக்கும் தேநீர் ஊற்றுவேன். கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பாடசாலை, சீட்டெல்லாம் துடைக்க வேண்டும், ஆகவே இதைத் திருத்தி எழுத எனக்கு நேரமில்லை. மேலே வேனைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிற இடங்களை மட்டும் நீங்களே ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் படியுங்கள்.